கேள்வி கேட்க ஆளில்லாத நிதிநிலை அறிக்கைகள்

இந்தியாவிலேயே மிகப்பெரிய நிதிநிலை அறிக்கையைக் கொண்ட உள்ளாட்சி அமைப்பு பிருஹன்மும்பை மாநகராட்சி. பல சிறிய மாநிலங்களின் பட்ஜெட்டை விட அதன் பட்ஜெட் பெரியது. அதன் மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2026 ஜனவரி 15 அன்று. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் பத்து மாதங்களில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரின் 227 வார்டுகளிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

மன்றம்தான் இல்லையே தவிர, செலவு நிற்கவில்லை. 2023-24ஆம் ஆண்டில் 52,619 கோடி ரூபாய், 2024-25இல் 59,954 கோடி, 2025-26இல் 74,427 கோடி என மூன்று நிதிநிலை அறிக்கைகள் இக்காலத்தில் வெளியாயின. கூட்டினால் சுமார் 1,87,000 கோடி ரூபாய். ஆணையரின் நிர்வாகம் தயாரித்த பட்ஜெட்டுக்கு, நிர்வாகி என்ற பெயரில் அதே ஆணையரே ஒப்புதல் அளித்தார். விவாதம் இல்லை, வெட்டுத் தீர்மானம் இல்லை, நிலைக்குழுவில் ஓர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் இல்லை.

இதை நிர்வாகக் கோளாறு என்று கடந்துபோக முடியாது. நகரங்களின் நிதியையும் நிலத்தையும் மக்கள் கண்காணிப்பிலிருந்து விலக்கிவைப்பது ஆளும் வர்க்கங்களுக்கு எவ்வளவு வசதியானது என்பதற்கு மும்பை ஒரு பாடம்.

அரசியல் சட்டம் சொல்வதும் நடப்பதும்

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. நகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது பிரிவு 243யு. மும்பையில் நடந்தது என்ன? இதர பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கான தரவுகள் குறித்த வழக்கு ஒருபுறம். வார்டுகளின் எண்ணிக்கையை ஓர் அரசு 236 ஆக உயர்த்த, அடுத்து வந்த அரசு அதை மீண்டும் 227 ஆக்கியது மறுபுறம். சமூக நீதிக்கான இட ஒதுக்கீடு உறுதியாகக் காக்கப்பட வேண்டும். ஆனால் அதற்குரிய தரவுகளை உரிய காலத்தில் திரட்டித் தராத அரசுகள், அதையே தேர்தல் தாமதத்துக்கான காரணமாக்கிக் கொண்டன. கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே தேர்தல் பணிகள் நகர்ந்தன. அப்போதும் நீதிமன்றம் விதித்த கெடு ஒருமுறை நீட்டிக்கப்பட்டது.

மும்பை மட்டுமன்று. பெங்களூரு மாநகராட்சியில் 2020 செப்டம்பர் முதல் மன்றம் இல்லாமல் போனது. சென்னை மாநகராட்சியும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தனி அதிகாரிகளின் கையில் இருந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளும் கட்சிகள் வெவ்வேறு. ஆனால் உள்ளாட்சித் தேர்தலைக் கண்டு அஞ்சும் குணம் ஒன்றே.

சாலை யாருக்காக?

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத நகரில் சாலைகள் எப்படித் தீர்மானிக்கப்பட்டன என்று பார்ப்போம். குழிகளற்ற மும்பை என்ற முழக்கத்தோடு, சுமார் 400 கிலோமீட்டர் சாலைகளைக் கான்கிரீட் சாலைகளாக்கும் 6,000 கோடி ரூபாய் பணி ஐந்து நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு பின்னர், ஒரே நேரத்தில் எத்தனை தெருக்களைத் தோண்டலாம் என்ற கேள்விகள் அங்கு வாழும் மக்களின் அன்றாடத்தைத் தொடுபவை. இவற்றைக் கேட்க வேண்டிய நிலைக்குழு அப்போது இல்லை.

நகரின் தென்மேற்குக் கரையோரம் அமைந்த கடற்கரைச் சாலை 13,000 கோடி ரூபாய்க்கு மேல் விழுங்கியது. அச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி இல்லை. மும்பையின் உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோர் ரயிலிலும் பேருந்திலும் கால்நடையாகவும் வேலைக்குச் செல்கிறவர்கள். அவர்களுக்கான ‘பெஸ்ட்’ பேருந்து நிறுவனத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்ட மானியம் 1,000 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டின் மூலதனச் செலவு 43,000 கோடியைத் தாண்டியது. போதாக்குறைக்கு, 2025 மே மாதம் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாயாகவும், குளிர்சாதனப் பேருந்தில் ஆறிலிருந்து பன்னிரண்டாகவும் இரட்டிப்பானது. தினமும் பேருந்தில் போய்வரும் வீட்டுப் பணியாளர் ஒருவரின் மாதச் செலவில் இது எவ்வளவு பெரிய சுமை என்பதை எடுத்துச் சொல்ல மன்றத்தில் ஒரு குரலும் இல்லை.

விளையாட்டுத் திடலுக்கு வேலி

பொழுதுபோக்கு இடங்களின் கதையும் இதுவே. ஒரு நகரவாசிக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி தேவை என்கின்றன ஒன்றிய அரசின் நகரத் திட்ட வழிகாட்டு நெறிகள். மும்பையில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய திறந்தவெளி தலைக்கு இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வாழும் நகரில் தெருமுனைத் திடல்தான் குழந்தையின் முற்றம், முதியவரின் திண்ணை, இளைஞரின் மன்றம்.

இந்நிலையில் 2023இல், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் தனியார் அமைப்புகள் ‘தத்தெடுத்து’ப் பராமரிக்கலாம் என்ற வரைவுக் கொள்கையை மாநகராட்சி நிர்வாகம் வெளியிட்டது. முன்பு இதேபோன்ற ஏற்பாட்டில் அரசியல் செல்வாக்கு உள்ளவர்களிடம் போன திடல்கள் சில, உறுப்பினர்களுக்கு மட்டுமேயான மனமகிழ் மன்றங்களாக மாறிய அனுபவம் மும்பை மக்களுக்கு உண்டு. குடிமக்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்ததால் அந்த வரைவு நிறுத்திவைக்கப்பட்டது. மக்கள் போராடினால் தடுக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் மன்றத்தில் நடக்க வேண்டிய போரைத் தெருவில் மட்டுமே நடத்த நேர்ந்ததையும் மறக்கக்கூடாது.

தாராவியின் வரி

2025-26 நிதிநிலை அறிக்கையில் இன்னொரு முன்மொழிவும் இருந்தது. குடிசைப் பகுதிகளில் வணிக நோக்கில் இயங்கும் கட்டடங்களுக்குச் சொத்துவரி விதித்து, சுமார் 350 கோடி ரூபாய் திரட்டலாம் என்றது அது. தாராவியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பு சென்ற தமிழர்களும், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வந்தவர்களும் தோல், தையல், மண்பாண்டம், பழைய பொருள் சுத்திகரிப்பு என வாழ்க்கையை நிறுத்திக்கொண்ட இடம் அது. அங்கே பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் ஏணிதான் இடைவெளி.

வருமானம் ஈட்டுகிறவர் வரி செலுத்துவதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் குடியிருப்பு உரிமை, குழாய்த் தண்ணீர், போதிய கழிப்பறை ஆகியவற்றை உறுதிசெய்யாத மாநகராட்சி, வரிச்சீட்டை மட்டும் முதலில் நீட்டலாமா? பெருநிறுவனங்களின் சொத்துவரி நிலுவையை வசூலிப்பதா, பட்டறைக்காரரிடம் கை நீட்டுவதா என்ற தேர்வு அரசியல் தேர்வு. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி விதிக்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

இந்த நெருக்கடிக்கு ஒரு வரலாறும் உண்டு. மும்பையின் முதன்மை வருவாயாக இருந்த ஆக்ட்ராய் 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியோடு ஒழிந்தது. அதற்குப் பதிலாக மாநில அரசு தரும் இழப்பீட்டை நம்பி மாநகராட்சி வாழ வேண்டியதாயிற்று. சொந்த வருவாயைப் பறித்துவிட்டு, ஏழைகளிடம் புதிய வருவாயைத் தேடச் சொல்லும் ஒன்றிய அரசின் கொள்கையே இதற்கு மூலம்.

மன்றம் திரும்பினால் போதுமா?

பழைய மாமன்றம் தூய்மையாக இருந்தது என்று நாம் வாதிடவில்லை. 2019 நவம்பர் முதல் 2022 அக்டோபர் வரையிலான சுமார் 12,000 கோடி ரூபாய் செலவை ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், டெண்டர் இல்லாமல் வழங்கப்பட்ட பணிகள் உள்ளிட்ட முறைகேடுகளைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தின் பெரும்பகுதியில் மாமன்றம் இருந்தது. ஆனால் திருடும் மன்ற உறுப்பினரை வாக்காளர் வீட்டுக்கு அனுப்ப முடியும். நிர்வாகியை அனுப்ப அவருக்கு வழியில்லை.

ஆகவே தேர்தல் தொடக்கம் மட்டுமே. மும்பையின் நிர்வாக வார்டுகளில் ஒவ்வொன்றும் சராசரியாகச் சுமார் ஐந்து லட்சம் மக்களைக் கொண்டது. இத்தனை பெரிய பரப்பில் ஒரு தெருவின் சாக்கடையைப் பற்றி யாரிடம் பேசுவது? மறுபுறம் கேரளத்தைப் பாருங்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. நகரங்களிலும் வார்டு சபைகளைக் கூட்டியது. 1995 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கு உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடக்கிறது. 2010இலும் 2025இலும் இடது ஜனநாயக முன்னணி பின்னடைவைச் சந்தித்தது. அதற்கு அஞ்சித் தேர்தலைத் தள்ளிப்போட அன்றைய இடதுசாரி அரசுகள் முயலவில்லை.

எங்கு வாழ்ந்தாலும் நமது தோழர்கள் செய்ய வேண்டிய பணி தெளிவானது. நகராட்சியின் நிதிநிலை அறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும். நம் வார்டின் சாலைக்கும் திடலுக்கும் பேருந்துக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று மக்கள் முன் கணக்கு வைக்க வேண்டும். வார்டு குழுவும் பகுதி சபையும் கூடும்வரை மனுவாகவும் முற்றுகையாகவும் வலியுறுத்த வேண்டும். பட்ஜெட் நாளன்று மன்றத்தின் பார்வையாளர் மாடம் காலியாக இருக்கக்கூடாது.