"லெஃப்ட்ல ரெண்டு பேர்... அப்புறம், வேலை என்னாச்சு?" - கேளம்பாக்கத்து நள்ளிரவு ஸ்குவாட் பேச்சைக் கேட்டிருக்கீங்களா?

ராத்திரி 11.20. கேளம்பாக்கத்தில் ஒரு பி.ஜி-யின் மூன்றாவது மாடி. லைட் அணைஞ்சாச்சு. போன் வெளிச்சம் மட்டும்.

"லெஃப்ட்ல ரெண்டு பேர், மரத்துக்குப் பின்னாடி."

"பார்த்துட்டேன். ஸ்மோக் போடு."

"போட்டாச்சு. சாப்பிட்டீங்களாண்ணா?"

"மெஸ்ல இன்னிக்கும் அதே சாம்பார். வெளிய போய் பரோட்டா சாப்பிட்டேன்."

"அக்கா, பேப்பர் திருத்தி முடிச்சாச்சா?"

"இன்னும் நாப்பது இருக்குடா. ஏய், பின்னாடி வண்டி சத்தம் கேக்குது பாரு!"

இது ஒரு பி.ஜி.எம்.ஐ ஸ்குவாட்டின் வாய்ஸ் சாட். சுடுறது, ஒளியுறது, சாம்பார், விடைத்தாள் எல்லாம் ஒரே மூச்சில் வரும். நாலு பேர் கொண்ட இந்த டீமில் நாலாவது ஆள் நான். ஆட்டத்தில் சுமார்தான். ஆனா, இந்தப் பேச்சுக்காகவே பல ராத்திரி உட்கார்ந்திருக்கேன்.

மற்ற மூணு பேரைப் பற்றி: ஒருத்தர் சிறுசேரி ஐ.டி பார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டர். இன்னொருத்தர் வண்டலூர் ரோடு பக்கம் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. மூணாவது ஆள் வேற மாவட்டத்தில் படிக்கும் கடைசி வருஷ மாணவன். பேர் வேண்டாம்னு மூணு பேரும் கேட்டுக்கிட்டாங்க. மூணு பேரும் நேரில் சந்திச்சதே இல்லை.

ஆன்லைன் கேம்னு சொன்னாலே பணம், அடிக்ஷன், தற்கொலைன்னுதான் செய்திகள் வருது. அதெல்லாம் நிஜம்தான். ஆனா, தினமும் ராத்திரி மைக்கில் நடக்குற இந்தப் பேச்சைப் பற்றி யாரும் பேசுறதில்லை. உங்களில் நிறைய பேருக்கு அதுதான் அந்த நாளிலேயே மனசு விட்டுப் பேசுற ஒரே நேரம், இல்லையா?

கைக்கு வேலை இருந்தா வாய் திறக்கும்

இந்த கேமை ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 100 பேர் வரைக்கும் ஒரு தீவில் குதிப்பாங்க. கடைசி வரை உயிரோட இருக்குற டீம் ஜெயிக்கும். பெரிய மேப்பில் கடைசி வரை போனா ஒரு மேட்ச் கிட்டத்தட்ட அரை மணி நேரம். அதில் நிஜமா சண்டை நடக்குறது சில நிமிஷம்தான். மிச்ச நேரமெல்லாம் பொருள் பொறுக்குறது, வண்டி ஓட்டுறது, ஜோன் சுருங்குற வரைக்கும் காத்திருக்குறது. அந்தக் காத்திருப்புலதான் பேச்சு பிறக்குது.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் கடற்கரைக்குப் போனா, மணலில் உட்கார்ந்து வலையைச் சரி பண்ணுற மீனவர்களைப் பார்க்கலாம். கை பாட்டுக்கு வலையில் ஓடும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்க மாட்டாங்க. கஷ்டமான விஷயத்தைச் சொல்ல அது ரொம்ப வசதி. கேம் சாட்டிலும் அதேதான். கண்ணு ஸ்கிரீன்ல இருக்கும்போது, "மனசு சரியில்ல"ன்னு சொல்றது அவ்வளவு கஷ்டமா இல்லை.

வீடும் இல்லாம, வேலையிடமும் இல்லாம மனுஷங்க சும்மா கூடிப் பேசுற இடத்துக்கு அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 'மூன்றாவது இடம்'னு பேர் வெச்சார். 1989-ல் வந்த அவரோட புத்தகம் அதைப் பிரபலமாக்குச்சு. நம்ம ஊர்ல திண்ணை, டீக்கடை, டீக்கடை பெஞ்ச். 2006-ல் கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்களும் இப்படி ஒரு மூன்றாவது இடம்தான்னு எழுதினாங்க. பல பின்னணி ஆட்களோட பழக்கம் ஏற்படுத்த இந்த கேம்கள் நல்லா உதவுது, ஆழமான ஆதரவு அங்கே கிடைக்குறது அதைவிட அரிதுன்னும் சொன்னாங்க. இந்த ரெண்டாவது பாதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இப்போ கேளம்பாக்கத்தைப் பாருங்க. (பஸ் ஸ்டாண்டு வந்தது கிளாம்பாக்கம். அது வேற ஊரு!) ஓ.எம்.ஆர் பளபளன்னு இருக்கு. பக்கத்துல சிறுசேரி சிப்காட், சுத்தி கல்லூரிகள், தெருவுக்குத் தெரு பி.ஜி. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பசங்களும் இங்கே தங்கியிருக்காங்க. ஒரே ரூமில் மூணு பேர், மூணு ஷிஃப்ட். பக்கத்துக் கட்டில்காரரோட முழுப் பேர் தெரியாது. ஆனா வேற மாவட்டத்துல இருக்குற ஒரு பையன், "சாப்பிட்டீங்களாண்ணா"ன்னு தினமும் கேட்கிறான்.

அம்மாவுக்கு முன்னாடி ஸ்குவாட்டுக்குத் தெரிஞ்ச விஷயம்

2025 ஜூலையில் டி.சி.எஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவங்களைக் குறைக்கப் போறதா அறிவிச்சது. சிறுசேரியில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய வளாகம் இருக்கு. நம்ம டெஸ்டர் அங்கே வேலை பார்க்கலை, வேற கம்பெனி. ஆனா செய்தி வந்த அன்னிக்கு ராத்திரி அவர் சரியா ஆடவே இல்லை. ரெண்டு தடவை தானா போய் நாக் ஆனார்.

மூணாவது மேட்ச்ல, வண்டியில் போயிட்டிருக்கும்போது சொன்னார். "ரெண்டு மாசமா பெஞ்ச்ல இருக்கேன்." பெஞ்ச்னா ப்ராஜெக்ட் இல்லாம சும்மா உட்காருறது. சம்பளம் வரும். ஆனா எப்போ கூப்பிட்டு 'ரிசைன் பண்ணிடுங்க'ன்னு சொல்வாங்கன்னு தெரியாது.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"ன்னு உதவிப் பேராசிரியை கேட்டாங்க.

"இல்லக்கா. தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் போட்டிருக்கு. அம்மா பயந்துடுவாங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. கேமில் வண்டி சத்தம் மட்டும். அப்புறம் அந்த மாணவன் சொன்னான், "அண்ணா, பெட்ரோல் முடியப் போகுது. இறங்குங்க, நான் கவர் பண்றேன்." எல்லாரும் சிரிச்சோம்.

ஆபீஸ்ல சொன்னா போட்டியாளருக்குத் தெரிஞ்சிடும். ரூம்மேட்டும் அதே துறை. வீட்ல சொன்னா அழுவாங்க. கேமில் இருக்குறவங்களுக்கு உங்க வேலையால லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனாலதான் அங்கே உண்மை முதலில் வருது.

க்ளாஸ்ல கேட்காத டவுட்

உதவிப் பேராசிரியைக்கு வேற கதை. ரொம்ப நாள் வரைக்கும் அவங்க என்ன வேலை பார்க்கிறாங்கன்னே மாணவனுக்குத் தெரியாது. 'அக்கா'ன்னு கூப்பிட்டு, "அங்க நிக்காதீங்கக்கா, செத்துடுவீங்க"ன்னு திட்டுவான். ஒருநாள் விடைத்தாள் பேச்சு வந்தது. "அய்யோ, நீங்க மேமா?"ன்னு கேட்டவன் ரெண்டு நாள் வாயே திறக்கலை. மூணாவது நாள் அவனே ஆரம்பிச்சான்: "எனக்கு மேத்ஸ்ல ஒரு அரியர் இருக்கு. ப்ராபபிலிட்டி சுத்தமா வரல."

அதுக்கப்புறம் லாபியில் அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் பாடம். "கிரேட் ஓப்பன் பண்றியே, போன தடவை நல்ல டிரெஸ் வரலைன்னா இந்தத் தடவை கண்டிப்பா வரும்னு நினைக்கிறியே, அது ஏன் தப்பு சொல்லு?" இப்படித்தான் ஆரம்பம். ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு தனித்தனின்னு அவனுக்கு அன்னிக்குப் புரிஞ்சது. காசு போட்டு கிரேட் வாங்குறதையும் குறைச்சுட்டான்!

"க்ளாஸ்ல அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் கை தூக்க மாட்டாங்க. இவன் மட்டும் எப்படி இவ்ளோ கேட்கிறான்?"னு அவங்களே ஆச்சர்யப்பட்டாங்க. காரணம் சிம்பிள். கேமில் அவன்தான் வாத்தியார். துப்பாக்கி மேல தூக்காம எப்படிச் சுடுறதுன்னு பத்து தடவை பொறுமையா அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன். தப்பு பண்ணா சிரிக்கலை. அதனால, தனக்குத் தெரியாததைக் கேட்க அவனுக்கும் கூச்சம் இல்லை. நம்ம வகுப்பறைகளில் ஆசிரியர் தெரியாதவரா நிற்குற ஒரு நிமிஷம்கூட வர்றதில்லை.

மைக் ஆஃப்

ஆனா இது சொர்க்கம் இல்லை. அதே உதவிப் பேராசிரியை முதல் ஆறு மாசம் மைக்கையே ஆன் பண்ணலை. பெண் குரல்னு தெரிஞ்சதும் முன்பின் தெரியாத டீம்மேட்கள் என்ன பேசுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். விளையாடுற பெண்கள் பலரும் இப்படித்தான் குரலை மறைச்சுக்கிறாங்க. 2021 ஜூனில் யூடியூபர் 'பப்ஜி' மதன் கைதானது ஞாபகம் இருக்கா? கேமை லைவில் ஆடிக்கிட்டே பெண்களை ஆபாசமா பேசினார்னு குவிஞ்ச புகார்கள்தான் காரணம். அதைக் கேட்டு ரசிச்ச கூட்டத்தில் பள்ளிப் பசங்களும் இருந்தாங்கங்கறதுதான் பெற்றோரை அதிர வெச்சது.

மைக் ஒண்ணுதான். ஒரு டீமில் அது திண்ணை, இன்னொரு டீமில் சாக்கடை. எதுவா இருக்கும்னு முடிவு பண்றது அந்த டீமில் இருக்குற நாலு பேர்தான்.

சட்டம் எதை எண்ணுது?

அரசுகள் சும்மா இல்லை. தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டு வந்து, 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைச்சது. பணம் வெச்சு ஆடுற கேம்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை, ஆதார் சரிபார்ப்புன்னு 2025-ல் விதிகள் வந்தன. அந்த விதிகள் செல்லும்னு 2025 ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு படி மேலே போய், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களை மொத்தமா தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றுச்சு. நடத்துறவங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுறவங்களுக்குத் தண்டனை இல்லை.

பி.ஜி.எம்.ஐ மாதிரி கேம்கள் இந்தத் தடையில் வராது. அதுக்கு வேற கடிவாளம். 2023 மே மாசம் திரும்பி வந்தப்போ, 18 வயசுக்குக் கீழே இருந்தா நாளுக்கு 3 மணி நேரம், மத்தவங்களுக்கு 6 மணி நேரம்னு வரம்பு வெச்சாங்க.

பணமும் நேரமும் எண்ணக்கூடியவை. கடன்ல மூழ்கின குடும்பங்களைப் பார்த்தா அந்தக் கணக்கு அவசியம்தான். ஆனா, ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஏன் போனை வைக்கலைங்கறதுக்கு அதில் பதில் இல்லை. நம்ம டெஸ்டர் வெறும் ஜெயிக்குறதுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கலை. வெச்சா அந்த ரூமில் அவர் தனி ஆள்.

ஒரே ராத்திரியில் காணாமப்போன நண்பர்கள்

இந்தத் திண்ணை நம்மளோடது இல்லைங்கறதுதான் பெரிய சிக்கல். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்களை மத்திய அரசு தடை செஞ்சது. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்னுபோச்சு. பி.ஜி.எம்.ஐ-யா 2021 ஜூலையில் திரும்புச்சு. 2022 ஜூலை 28-ல் மறுபடி ஸ்டோர்களிலிருந்து காணாமப் போச்சு. தடைக்குச் சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பு. அந்த வாதத்துக்குள்ளே நாம போகலை. ஆனா ஒவ்வொரு தடவையும், ஐடி பேரைத் தவிர வேற எதுவும் தெரியாத எத்தனை நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் தொலைச்சிருப்பாங்க? லாக்டவுன் முழுக்க என்கூட ஆடின ஒரு தூத்துக்குடிக்காரரை நான் அப்படித்தான் தொலைச்சேன். அவர் நிஜப் பேர் எனக்கு இன்னிக்கும் தெரியாது.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன்னு ஒரு இளைஞர். தசைச் சிதைவு நோய். 2014 நவம்பரில் 25 வயசில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாம வாழ்ந்து போயிட்டான்னு பெற்றோர் நினைச்சாங்க. அவரோட வலைப்பூவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டதும், பல நாடுகளிலிருந்து மெயில்கள் குவிஞ்சது. எல்லாம் அவர்கூட வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினவங்க. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தாங்க. 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணப்படம் அந்தக் கதையைத்தான் சொல்லுது. அந்த வலைப்பூவின் பாஸ்வேர்டு அப்பாகிட்ட இருந்ததாலதான் செய்தி போய்ச் சேர்ந்தது. உங்க ஸ்குவாட்டுக்கு அப்படி ஒரு வழி இருக்கா?

சரி, என்ன பண்ணலாம்?

உங்க ஸ்குவாட்டில் நம்பிக்கையான ஆட்கள் இருந்தா, கேமுக்கு வெளியே ஒரு தொடர்பு வெச்சுக்கோங்க. மாசக்கணக்கா பழகினவங்கன்னா மட்டும். நேத்து வந்தவங்களுக்கு நம்பரோ, போட்டோவோ, ஓ.டி.பி-யோ கொடுக்காதீங்க. ஏமாந்தா சைபர் க்ரைம் உதவி எண் 1930.

டீமில் யாராவது ஒரு பெண்ணைத் தப்பா பேசினா நீங்க சும்மா இருக்காதீங்க. ரிப்போர்ட் பட்டன் அதுக்குத்தான்.

கேமை நிறுத்த நினைச்சும் முடியலை, தூக்கம், வேலை, படிப்பு எல்லாத்தையும் அது பின்னுக்குத் தள்ளிடுச்சு, பாதிப்பு தெரிஞ்சும் தொடருதுன்னா அது வேற விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதுக்குத் தனிப் பெயரே இருக்கு. ஸ்குவாட் அதைச் சரி பண்ணாது. 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

பெற்றோரா இருந்தா, "எத்தனை மணி நேரம் ஆடுற?"ன்னு கேட்கிறதோட, "யார்கூட பேசிட்டிருக்க?"ன்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

கடைசியா, நம்ம டெஸ்டர். ஆழமான ஆதரவு கேமில் அரிதுன்னு அந்த ஆய்வாளர்கள் சொன்னாங்களே, அது உண்மைதான். தங்கச்சி கல்யாண லோனை ஸ்குவாட் கட்டாது. அது உதவிப் பேராசிரியைக்கும் தெரியும். போன வாரம் அவர் லாபியில் 'ரெடி' கொடுத்தப்போ, அவங்க கொடுக்கலை. "முதல்ல அம்மாவுக்கு போன் போடு. அப்புறம்தான் மேட்ச்."

இருபது நிமிஷம் அவர் ஆஃப்லைன். நாங்க மூணு பேரும் லாபியிலேயே காத்திருந்தோம். திரும்பி வந்தவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"சொல்லிட்டேன். அம்மா அழல. 'இதைச் சொல்ல ரெண்டு மாசமாடா'ன்னு திட்டினாங்க."

"சாப்பிட்டீங்களாண்ணா?"ன்னு கேட்டான் பையன்.

"அதையும் அம்மா கேட்டாங்கடா. ரெடி கொடு."