"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

டிசம்பர் பிறந்தால் நம் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "மூணு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியப்போவுது? கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." குடில் கட்டுவது பெரியவர்கள் பாடு. அதிரசமும் முந்திரிக்கொத்தும் அடுப்படிப் பாடு. கேரல் ரவுண்ட்ஸ் வாலிபர் பாடு. சின்னக் குழந்தைக்குச் சிவப்புத் தாத்தா உடுப்பை மாட்டி, வாசல் நட்சத்திரத்தின் கீழே நிறுத்திப் படம் எடுத்தாயிற்று என்றால் பண்டிகையில் அதன் பங்கு முடிந்தது.

இந்த நம்பிக்கை தவறு. தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பிள்ளைகளிடமிருந்து அது பறித்துக்கொள்வது கொஞ்சமல்ல.

இதே வீடுகளில்தான், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். தலையில் தண்ணீர் விழும்போது "இது இவனுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று எந்தப் பாட்டியும் கேட்பதில்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சபையும் அவனுக்காக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அவன் அதற்குள் வளர்கிறான். பேசத் தெரியாத குழந்தையோடு நாளெல்லாம் பேசுகிறோம். புரிகிற வயது வரட்டும் என்று காத்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் தமிழ் வராது. விசுவாசத்துக்கும் மொழிக்கும் ஒத்துக்கொள்கிற நியாயத்தைக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? அதுவும், முன்னணையில் கிடத்திய ஒரு கைக்குழந்தையை நடுவில் வைத்துக் கொண்டாடும் திருநாளில்!

சரித்திரமும் இவர்கள் பக்கம் இல்லை. காலங்காலமாக வருபவை என்று நாம் நினைக்கும் கிறிஸ்துமஸ் வழக்கங்களில் சில, யாரோ ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்காகவே புதிதாகத் தொடங்கியவை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லூத்தரன் ஊழியர் ஏழைப் பிள்ளைகளுக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்தால் போதும், கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் அவரை நச்சரிப்பார்கள். 1839இல் அவர் ஒரு மரச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்தார். நாளுக்கு ஒன்று ஏற்றினார்கள். எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் இன்னும் எத்தனை நாள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கோவில்களில் ஏற்றுகிறார்களே, அந்த மெழுகுவர்த்தி வளையம் அங்கிருந்து வந்ததுதான்.

அதற்கும் முன்னால், 1747இல், மரியன்போர்ன் என்ற ஊரில் மொராவிய சபையின் யோகான்னஸ் வாட்டவில், சிறுவர் ஆராதனைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சிவப்பு நாடா சுற்றிய சிறு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். இன்று இங்கிலாந்துக் கோவில்களில் பிள்ளைகள் ஆரஞ்சுப் பழத்தில் செருகி ஏந்தும் 'கிறிஸ்டிங்கிள்' அதன் வழிவந்தது. திருவருகைக் கால நாட்களை எண்ணும் அட்வெண்ட் காலண்டரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் அச்சிட்ட கெர்ஹார்ட் லாங்குக்கு அந்த யோசனையைத் தந்தவர் அவருடைய அம்மா. மகன் சிறுவனாயிருந்தபோது ஓர் அட்டையில் 24 தின்பண்டங்களை வைத்து, நாளுக்கு ஒன்று என்று எடுக்கவிட்டவர் அவர். "வளரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன செய்தாலும் மறந்துதானே போவான்?" என்பார்கள். பாதி உண்மை. பெரியவர்களின் முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த எல்லை எல்லாருக்கும் ஒன்றல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால் போயிற்று. நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசும் அவர்களது பண்பாட்டோடு ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். "போன வருஷம் நீதானே ஆட்டுக்குட்டியைக் குடிலுக்குள்ள வச்ச?" என்று பேசுகிற வீட்டில் நினைவு தங்க வழி இருக்கிறது. படத்தைப் போனுக்குள் போட்டு மறந்துவிட்ட வீட்டில் என்ன தங்கும்?

நினைவில் நிற்காததும் வீண் போவதில்லை. அதிரசப் பாகின் வாசனை, அதிகாலை ஆராதனைக்குப் போகும் வழியின் குளிர், ஒரே பாட்டை ஒரே ஆட்கள் பாடும் குரல் எல்லாம் உடம்புக்குப் பழகிவிடுகின்றன. மூன்று வயதுக் குழந்தை ஒரே கதையை முப்பது தடவை கேட்கும். ஒரு சொல்லை மாற்றினால் கோபித்துக்கொள்ளும். வருஷா வருஷம் அதே செயல், அதே வரிசை என்பது நமக்குச் சலிக்கலாம், அதற்குச் சலிக்காது. வழக்கம் தொடங்க இதைவிடப் பொருத்தமான வயது கிடையாது. பதிமூன்று வயதுப் பையனைப் புதிதாகக் கூப்பிட்டுப் பாருங்கள், கதவைச் சாத்திக்கொள்வான்.

புது வழக்கம் என்றதும் சிலர் கடைக்கு ஓடுகிறார்கள். அமெரிக்காவில் 2005இல் ஒரு புத்தகமும் பொம்மையுமாக வந்த 'எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' இப்போது நம் பெற்றோரின் போன்களுக்கும் வந்துவிட்டது. அலமாரி மேல் உட்கார்ந்து குழந்தையை வேவு பார்த்து, இரவில் போய்க் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் சொல்லும் பொம்மை. எனக்கு இது அறவே வேண்டாம். நல்ல பிள்ளைக்கே பரிசு என்று மிரட்டுவது, தகுதி பாராமல் வந்த அன்பைக் கொண்டாடும் நாளுக்கு நேர் எதிரானது.

வேண்டியது மிகக் கொஞ்சம். குடில் பொம்மைகளைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். நாளுக்கு ஒன்றாக அதுவே எடுத்து வைக்கட்டும். ஓர் ஆடு உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும். பாலன் இயேசுவை மட்டும் 24ஆம் தேதி இரவு வரை எடுத்து வைத்திருந்து, அதன் கையிலேயே கொடுங்கள். பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும்போது மேலே மூடும் துணியைப் பிடித்துக்கொண்டு குழந்தையும் போகட்டும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குத் தட்டு வந்த வீடுகள் எவை என்று போகிற வழியில் சொல்லுங்கள். "எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே" என்று வருத்தப்படும் பாட்டியையும் குடிலருகே உட்கார வைத்து, அவர் சிறுமியாயிருந்த கிறிஸ்துமஸைக் கேளுங்கள். அவர் சொல்வதும் புது வழக்கத்தில் ஒரு பகுதியாகட்டும்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிறது. நான்கு மெழுகுவர்த்திகள் வாங்கி வையுங்கள். அன்று மாலை முதல் திரியை ஏற்ற வீட்டில் எல்லாருக்கும் இளைய பிள்ளையைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து ஏற்றச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு வரை தள்ளிப்போடாதீர்கள்.