பழைய ஆமிப் பை இன்னும் சுமக்குமா?



போன எபிசோட்டிலை "பழைய ஹார்ட்வெயாரை எப்ப தூக்கி எறியலாம்" எண்டு கதைச்சம். பிறகு வந்த கேள்விகளில் கனக்க லப்டொப்பும் போனும்தான். ஆனா லாங்கன்தாலிலை இருந்து வந்த ஒரு கேள்வி பையைப் பற்றியது: "ப்ரொக்கியிலை சுவிஸ் ஆமியின்ரை பழைய றக்சாக் ஒண்டு கிடக்கு. எடுக்கலாமா, இல்லாட்டி அது சும்மா ஸ்டைலுக்கா?"

என்ரை பதில்: எடுக்கலாம். ஆனா எல்லாத்தையும் இல்லை. துணி என்ன, பாரம் எவ்வளவு, வீட்டிலை யார் இருக்கினம் எண்ட மூன்றையும் பார்த்து எடுக்கவேணும். மூன்றாவது கேள்வியை எந்த ரிவியூவிலும் காணமாட்டீங்கள். எங்கடை வீடுகளில் அது முக்கியம்.

முதலில், ஏன் இவ்வளவு பழைய சாமான் இந்த நாட்டிலை சுத்தித் திரியுது? பனிப்போர்க் காலத்தில் சுவிஸ் இராணுவத்தின் ஆட்பலம் 6 இலட்சத்துக்கும் மேல். 1995 சீர்திருத்தத்தில் அது 4 இலட்சமாகக் குறைந்தது. 2004 இல் ஏறக்குறைய 2 இலட்சத்து 20 ஆயிரம். 2018 இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் இலக்கு 1 இலட்சம். ஆள் குறைய, ஆளுக்கொண்டாகச் செய்து வைச்சிருந்த பைகள் மிஞ்சும்தானே. இப்ப இன்னொரு அலையும் வருகிறது. "தாஸ் 90" எண்ட உருமறைப்புத் தொகுதிக்குப் பதிலாகப் புது மொடியுலர் உடுப்பும் பைகளும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுக்கு கூட்டாட்சி அரசு 2018 இல் பாராளுமன்றத்திடம் கேட்ட தொகை 377 மில்லியன் பிராங். ஆகவே வரும் வருசங்களில் 90களின் சாமான் இன்னும் கூடுதலாக வெளியிலை வரும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஆனா புதுசாக வெளியிலை வாறதை விட, அதுக்கு முந்தினதுதான் நல்லது எண்டது என்ரை கட்சி. காரணம் துணி.

சுவிஸ் ஆமியின் பழைய பைகளில் பிரபலமானது, கறுப்பும் வெள்ளையும் கலந்த நூலில் நெய்த சாம்பல் நிறக் கன்வஸ். "உப்பும் மிளகும்" எண்டு இஞ்சை சொல்லுவினம். அடிப்பக்கம் தோல், வார் தோல், கொளுக்கி இரும்பு. இதே துணியில் சின்னத் தோள்பை ஒண்டும் இருக்கு. அதின்ரை ஜேர்மன் பெயரை அப்பிடியே தமிழாக்கினால் "பாண் பை". தோலைத் திருப்பிப் பார்த்தால் செய்த ஆளின் பெயர், ஊர், வருசம் முத்திரையாக அடிச்சிருக்கும். ஊர் ஊராகச் சேணம் தைக்கிற ஆக்களிட்டைக் கொடுத்துச் செய்விச்ச காலம் அது. இதுதான் அதின்ரை பெரிய பலம்: ஒரு மனுசன் கையால் செய்ததை இன்னொரு மனுசன் கையால் திருத்தலாம். வார் அறுந்தால் எந்தச் சப்பாத்துத் திருத்துறவரும் தைச்சுத் தருவார். கொளுக்கி போனால் வேறொண்டு போடலாம். நாங்கள் போனுக்குக் கேட்கிற "திருத்தும் உரிமை" இந்தப் பைக்குள்ளை முதல் நாளிலை இருந்தே இருக்கு.

80களுக்குப் பிறகு பல நாட்டு ஆமிகளும் நைலோன், பொலியெஸ்டர் துணிக்கு மாறின. பாரம் குறைஞ்சது, மழைக்கு நல்லது. ஆனா அந்தத் துணியின் உள்பக்கத்தில் பூசின பொலியூரத்தேன் படலத்துக்கு ஆயுள் உண்டு. காற்றில் இருக்கிற ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும். 25, 30 வருசம் நிலவறையில் கிடந்த பையைத் திறந்து உள்ளே கை வைச்சால் பிசுபிசு எண்டு ஒட்டும், பழைய சாப்பாட்டுப் பெட்டி மாதிரி ஒரு மணமும் வரும். அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது வீண். வெளியாலை பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளுக்கு அது முடிஞ்ச பை.

இதிலை ஒரு நடுவழியும் உண்டு: சுவிஸ் ஆமியின் இறப்பர் பூசின றக்சாக். துணியிலேயே இறப்பர் ஏத்தினது. மழையிலை நனையாது, ஈரத்துணியாலை துடைச்சால் போதும். இறப்பரில் வெடிப்பு இல்லாட்டி சைக்கிளிலை ஸ்கூலுக்கோ வேலைக்கோ போறவைக்கு இதை விட மலிவான நல்ல பை கிடைக்காது.

இனிப் பாரம். இஞ்சைதான் பழசு தோற்கும், அதை ஒளிக்கக் கூடாது.

எஸ். எல். ஏ. மார்ஷல் எண்ட அமெரிக்கர் 1950 இல் படைவீரன் சுமக்கிற பாரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஆளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏத்தாதேங்கோ எண்டது அவர் வாதம். 60 கிலோ ஆளுக்கு அது 20 கிலோ. இளம் ஆமிக்காரருக்குச் சொன்ன எல்லை அது. வார நாட்களில் கதிரையில் இருக்கிற எங்களுக்கு இல்லை. ஆனா எத்தனை கிலோ எண்டதோடை, அந்தக் கிலோ உடம்பிலை எங்கே இறங்குது எண்டதும் முக்கியம். இடுப்புப் பட்டி உள்ள பையில் பாரத்தின் பெரும்பங்கு இடுப்பெலும்பில் இறங்கி, காலுக்குப் போகும். பழைய கன்வஸ் பையில் அது முழுக்கத் தோளில் தொங்கும், மெல்லிய தோல் வாரிலை. அதோடை வெறும் பையே கனம், நனைஞ்சால் இன்னும் கனம். பிரித்தானிய ஆமி 1958 இல் கொண்டுவந்த பருத்திப் பட்டித் தொகுதியிலும் இதே குறைதான்: தண்ணியைக் குடிச்சுப் பாரமாகும், காய நேரம் எடுக்கும்.

ஆகவே என்ரை கணக்கு இது. 5, 6 கிலோ வரைக்கும் பழைய பை போதும். லாங்கன்தாலிலை இருந்து சென்ற் ஊர்பன் மடத்துக்கு நடந்துபோய், ரெயினிலை திரும்பி வாறதுக்கு அது தாராளம். தண்ணி, சாப்பாடு, ஒரு ஜம்பர், கமெரா. லப்டொப் வைக்கிறதெண்டால் மெத்தை உறை ஒண்டு போட்டு வையுங்கோ, ஏனெண்டால் உள்ளே பஞ்சு எண்டு ஒண்டும் இல்லை. 10 கிலோவைத் தாண்டினால், கூடாரத்தோடை இரண்டு நாள் மலைக்குப் போறதெண்டால், பழசை வீட்டிலை விடுங்கோ. அங்கே பழசைக் கட்டிப்பிடிக்கிறது முதுகுக்குக் கூடாது.

"அப்ப புது ஆமிச் சாமான் வாங்கினால்?" எண்டு கேட்பீங்கள். புதுசு எண்டதாலை நல்லதாக இருக்கவேணும் எண்டில்லை. அமெரிக்க ஆமி 1973 இல் "அலிஸ்" எண்ட தொகுதியைக் கொண்டுவந்தது: நைலோன் பை, அலுமினியச் சட்டம். 1997 இல் அதுக்குப் பதிலாக "மொல்லி" வந்தது. மொல்லியின் முதல் பிளாஸ்டிக் சட்டங்கள் களத்திலை உடையத் தொடங்க, கொஞ்ச ஆக்கள் அலிஸ் சட்டத்துக்கே திரும்பினார்கள். வேர்ஷன் ஒன்றை நம்பி வாங்காதே எண்டு நாங்கள் பொட்காஸ்டிலை சொல்லுறது பைக்கும் பொருந்தும்.

ஆனா மொல்லி ஒரு பெரிய விஷயத்தைச் சரியாகச் செய்தது. 25 மில்லிமீற்றர் அகலப் பட்டிகளை, 25 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, 38 மில்லிமீற்றருக்கு ஒருக்கா தைச்சு, அதை எல்லாருக்கும் ஒரே அளவாக்கியது. எந்தக் கொம்பனியின் சின்னப் பையும் எந்தக் கொம்பனியின் பெரிய பையிலும் பொருந்தும். யூஎஸ்பி மாதிரித்தான். அதுக்கு முந்தின தொகுதிகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கொளுக்கி. அதாலைதான் "தாஸ் 90" இன் இடுப்புப் பட்டியும் தோள் வாருமாக வாற அந்தச் சேணத் தொகுதியை வாங்கவேண்டாம் எண்டு சொல்லுறன். அதின்ரை பொக்கற்றுகள் தோட்டாப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைச்சவை. உங்கடை பவர்பாங்குக்கு அளவெடுத்ததில்லை. தனிப் பை வாங்கினால் பிரயோசனம், தொகுதி வாங்கினால் அலுமாரி நிறையும்.

இனி அந்த மூன்றாவது கேள்வி.

"ஆமி" எண்ட சொல் எங்கடை வீட்டிலை சுவிஸ்காரன் வீட்டிலை மாதிரி ஒலிக்காது. அங்கே அது தாத்தா மேல்மாடியில் வைச்ச பெட்டி. இஞ்சை அது சோதனைச் சாவடி, பையைத் திற எண்ட சத்தம், வரிசையிலை நிண்ட வெயில். உருமறைப்புப் பை ஒண்டை வாசலிலை சப்பாத்துக்குப் பக்கத்திலை வைச்சால் அம்மா ஒண்டும் சொல்லமாட்டா. எடுத்து அலுமாரிக்குள்ளை வைப்பா. அவ்வளவுதான். அந்த அவ்வளவை நாங்கள் விளங்கிக்கொள்ளவேணும்.

இதுக்கு மறுப்பும் உண்டு, அதுவும் நியாயமானது. "நாங்கள் இஞ்சை பிறந்தனாங்கள். என்ரை அண்ணா 18 கிழமை றெக்ரூட்டன்ஷூலே செய்தவர். இந்த நிறம் அந்த ஆமியின்ரை இல்லை, எங்கடை நாட்டு ஆமியின்ரை." சரிதான். சேவை செய்தவருக்கு அந்தப் பையோடு ஒரு சொந்த உறவு இருக்கு, அதை யாரும் பறிக்கேலாது. (ஆனா அவருக்குக் கொடுத்த சாமான் அரசின் சொத்து. தம்பிக்கு விற்கிற அலுவல் சட்டப்படி முடியாது.) நான் கேட்கிறது சேவை செய்யாத, ஸ்டைலுக்கு மட்டும் வாங்கிற ஆக்களை. பச்சை, மண்ணிறம், சிவப்புப் புள்ளிகளைத் தூரத்திலை காணுற கண் எந்த நாட்டுப் புள்ளி எண்டு பிரிச்சுப் பார்க்காது. 2009 க்குப் பிறகு பிறந்த எங்களுக்கு அது ஒரு டிசைன். அதே வீட்டிலை இருக்கிற இன்னொராளுக்கு அது டிசைன் இல்லை. சாம்பல் கன்வஸ் இதே வேலையைச் செய்யும்போது, ஏன் அந்தப் பாரத்தையும் சேர்த்து ஏத்தவேணும்?

நடைமுறைக் காரணமும் இருக்கு. லீவுக்கு யாழ்ப்பாணம் போகேக்கை உருமறைப்புத் துணி எதையும் பெட்டியிலை வைக்காதேங்கோ. தேவையில்லாத கேள்வி வரும், அதுக்குப் பதில் சொல்லுறது நீங்களாக இருக்காது, உங்களைக் கூட்டிப்போக வந்த மாமாவாக இருக்கும். ஜமெய்க்கா, பார்படோஸ் மாதிரி நாடுகளில் பொதுமக்கள் உருமறைப்பு உடுப்புப் போடுறதே குற்றம். சுவிசிலும் குற்றவியல் சட்டத்தின் 331 ஆம் பிரிவு, உரிமை இல்லாமல் இராணுவச் சீருடை அணிந்தால் தண்டப்பணம் எண்டு சொல்லுது. அது சீருடைக்கு, பைக்கு இல்லை.

ப்ரொக்கிக்குப் போக முன்னம் இந்த ஐந்தையும் மனசிலை வையுங்கோ:

1. உள்ளே கை விட்டுத் தடவுங்கோ. ஒட்டினால் வையுங்கோ.
2. தோல் வாரை மடியுங்கோ. மெல்லிய கோடு வந்தால் எண்ணெய் பூசலாம். வெடிச்சால் வார் மாத்தவேணும், அந்தக் காசையும் விலையோடை கூட்டுங்கோ.
3. வார் பையோடை சேருற தையலை இரண்டு கையாலும் இழுங்கோ. முதலில் போறது அந்த இடம்தான்.
4. மணந்து பாருங்கோ. பூஞ்சண மணம் கன்வஸிலை இருந்து லேசில் போகாது.
5. உள்ளே 5 கிலோ அளவுக்கு ஏதாவது வைச்சு, கடைக்குள்ளையே பத்து நிமிசம் நடவுங்கோ. ப்ரொக்கியிலை புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

ஐந்தும் சரியெண்டால் எடுங்கோ. "விண்டேஜ்" எண்டு ஒன்லைனில் புதுப் பையின் விலைக்கு விற்கிறதை மட்டும் விட்டிடுங்கோ. மலிவு போனால் பாதிக் காரணம் போயிட்டுது.

லாங்கன்தால் நண்பருக்கு: நீங்கள் அனுப்பின படத்தில் இருக்கிறது உப்பு-மிளகுக் கன்வஸ்தான். தோலிலை என்ன வருசம் அடிச்சிருக்கு எண்டு பார்த்து எழுதுங்கோ. உங்கடை அம்மா என்ன சொன்னவ எண்டதையும் சேர்த்து.

அடுத்த எபிசோட் வழமை போல ஞாயிறு. பழைய பற்றரிகளைப் பற்றிக் கதைப்பம்.