பழைய மனையில் இருந்தபடியே புதுமனை

கணினி இக்காலத்தில் பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. ஆயினும், அவ்வியந்திரத்தின் உள்ளே அமர்ந்து ஆட்சி நடத்துவது பணிசெயல் முறைமை என்னும் மென்பொருளே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், கோப்புக்களை வன்தட்டில் ஒழுங்குபட வைத்துக் காப்பதும், பல வேலைகளுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதன் கடமைகளாம். விண்டோஸ், லினக்ஸ் என்பன அத்தகைய முறைமைகளே.

இவ்வாரம் இப்பொருளை எடுத்துக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் அளித்துவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 முறைமையோ, டீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் ஓரளவு புதிய செயலியும் உள்ள இயந்திரங்களையே வேண்டி நிற்கின்றது. ஆகவே, குறைவின்றி ஓடும் எத்தனையோ கணினிகள் வாயிற்படியில் தடுத்து நிறுத்தப்பட்டன. உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கு வேறொரு கணினி வாங்கிக் கொடுக்க எல்லாப் பெற்றோருக்கும் இயலுமா? இயலாதவர்கள் பழைய இயந்திரத்திற் புதிய முறைமை ஒன்றை நிறுவுதலே வழி. அவ்வாறாயின், ஓடிக்கொண்டிருக்கும் முறைமையின் உள்ளே இருந்தபடியே மற்றொன்றை நிறுவுதல் கூடுமோ?

கூடும். எனினும் அதற்கு ஒரு தடை உண்டு. முறைமை ஒன்று ஓடும்போது, தனக்கு வேண்டிய பகுதிகளை வன்தட்டிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருக்கும். அவ்விடத்தின் மீதே புதியதை எழுதப் புகுந்தால், தான் இருக்கும் கொப்பைத் தானே தறித்தவன் கதையாக முடியும். இத்தடையைக் கடக்க அறிஞர் மூன்று வழிகளைக் கண்டனர்.

முதலாவது, பக்கத்து நிலத்திற் கட்டுதல். வன்தட்டிலே தனிப்பிரிவு ஒன்றை ஒதுக்கி, பழைய முறைமை ஓடும்போதே புதியதன் கோப்புக்களை அங்கே பரப்பி வைப்பது இவ்வழி. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவல் கைந்நூல் இதனைத் தெளிவாக விளக்குகின்றது. டெபூட்ஸ்ட்ராப் என்னும் சிறு கருவி அடிப்படைக் கோப்புக்களை இணையத்திலிருந்து இறக்கி அப்பிரிவிலே வைக்கின்றது. பின்னர் சீரூட் என்னும் கட்டளையால் அந்தப் பிரிவையே உலகமெனக் கொண்டு உட்புகுந்து, எஞ்சிய வேலைகளை முடிக்கலாம். இறுதியாகத் தொடக்கி என்னும் வாயிற்காவலனுக்குப் புதிய முகவரியை அறிவித்தல் வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் எந்த முறைமையைத் துயிலெழுப்புவது என்பதைக் கவனிப்பவன் அவனே. இவ்வழி லினக்ஸ் போன்ற முறைமையை ஏற்கெனவே வைத்திருப்போர்க்கு உரியது.

இரண்டாவது, ஒரு கோப்பையே நிலமாக்குதல். 2008 ஏப்ரிலில் வெளிவந்த உபுண்டு 8.04 உடன் வூபி என்னும் நிறுவி வழங்கப்பட்டது. அது விண்டோஸின் உள்ளே பெரிய கோப்பு ஒன்றை ஆக்கி, அதற்குள் உபுண்டு முழுவதையும் குடியேற்றிற்று. வேண்டாதபோது ஏனைய மென்பொருள்களைப் போலவே நீக்கிவிடவும் முடிந்தது. ஆனால், புதிய கணினிகளின் தொடக்க முறையோடு அஃது இசைந்து போகவில்லை; 2013இல் உபுண்டு 13.04 வெளிவந்தபோது கைவிடப்பட்டது.

மூன்றாவது வழியை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. ஆலயத் திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்கின்றோம் அன்றோ? மூலத்தானத்தில் வேலை நடக்கும்போது இறைவனைச் சிறியதோர் இடத்தில் எழுந்தருளச் செய்து பூசையை நடத்துகின்றோம். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பிக்கும்போது நிகழ்வதும் இதுவே. வேண்டிய கோப்புக்களை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு கணினி மறுபடி தொடங்கும். அப்போது ஓடுவது நினைவகத்தில் ஏற்றப்பட்ட சிறு முறைமை ஒன்றே. அது பழையதை ‘விண்டோஸ் ஓல்ட்’ என்னும் உறைக்கு நகர்த்திவிட்டுப் புதியதை அவ்விடத்தில் அமர்த்துகின்றது. பிடிக்காவிடின் பத்து நாட்களுக்குள் பழையதற்கே திரும்பவும் இயலும்.

மாணவர் அறிய வேண்டிய வரலாறும் ஒன்று உண்டு. லினக்ஸ் பிறந்ததே இவ்வாறுதான். பேராசிரியர் அன்ட்ரூ ரனன்போம் கற்பித்தலுக்கென ஆக்கி 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்னும் முறைமையைத் தம் கணினியில் நிறுவியிருந்தார், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் தோர்வால்ட்ஸ். அதற்குள் இருந்தபடியே தம் முறைமையை எழுதி, 1991 ஓகஸ்ட் 25இல் அதுபற்றி அறிவித்தார். முதற் பதிப்பைத் தொகுப்பதற்கு மினிக்ஸ் இன்றியமையாததாயிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 0.11 பதிப்பே, தன்னைத் தானே தொகுக்கும் வல்லமை பெற்றுத் தாயின் கையை விட்டது.

இனி, இல்லத்தார் செய்யத்தக்கது யாது? விண்டோஸ் 10 உள்ள பழைய கணினியில் லினக்ஸ் நிறுவ விழைவோர்க்குப் பென் டிரைவ் வழியே ஏற்றது. அதனைப் பழைய முறைமையைக் கொண்டே ஆயத்தம் செய்யலாம். அதிலிருந்து கணினியைத் தொடக்கினால் வன்தட்டைத் தீண்டாமலே புதிய முறைமை ஓடும். இதுவும் ஒரு பாலஸ்தாபனமே. இணையம், ஒலி, அச்சுப்பொறி யாவும் இயங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே நிறுவலைத் தொடங்குக.

அதற்கு முன் செய்ய வேண்டியன நான்கு. படங்கள், பாடக் குறிப்புக்கள், பத்திரங்கள் ஆகியவற்றை வேறொரு வன்தட்டிற் பிரதி செய்து, அப்பிரதியைத் திறந்தும் பார்க்க. வன்தட்டு பிற்லொக்கர் என்னும் பூட்டினாற் பூட்டப்பட்டிருப்பின், அதன் மீட்புத் திறவெண்ணைக் கடதாசியில் எழுதி வைக்க. மடிக்கணினியாயின் மின்கலத்தை நிரப்பி மின்னிணைப்பிலேயே வைக்க. இடைநடுவில் மின்சாரம் நின்றால் பழையதும் இராது, புதியதும் இராது. எந்தத் தட்டில் எழுதப் போகின்றோம் என்பதை இருமுறை வாசித்த பின்னரே சம்மதம் கொடுக்க.

முறைமை பழுதுபட்டால் மறுநாளே மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். மறைந்த பாட்டனாரின் ஒரே நிழற்படத்தை எந்த நிறுவியாலும் திருப்பித் தர இயலாது. ஆதலின், புதுமனையின் அத்திவாரத்தை வெட்டுமுன் பழைய மனையிலுள்ள செல்வத்தை எண்ணிப் பத்திரப்படுத்துக. அதன்பின் அஞ்சாது தொடங்கலாம்.