தோழமைக்குச் சும்மா, ஊருக்கு ரேட்டு

கலையைக் காசுக்கு விற்கக்கூடாது என்று உபதேசம் பண்ணுகிறார்கள் சில கனவான்கள். நல்லது. ஆனால் இதைப் பறையடித்தவன் பிள்ளைகளிடம் வந்து சொல்ல வேண்டாம். காசில்லாமல் காலங்காலமாக அடித்தவர்கள் நாம்தான். ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். போயே ஆகணும், அடிச்சே ஆகணும். கூலி பேச முடியாது; போட்டதை வாங்கிக்கணும். மாட்டேன் என்றால் ஊர்விலக்கம், உதை, தீ. 1978-இல் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறோம். இலவசம் என்பது நமக்கு ஈகையாக வரவில்லை, அடிமைச் சாசனமாக வந்தது. சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று தமிழகத்தின் பல சேரிகள் மறுத்தது அதனால்தான்.

சரி, அப்போ சந்தைக்குப் போயிடலாமா? விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்லூரி விடுதிகளில் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகளுக்குக் கோடம்பாக்கக் கனவு இருக்கும். போகிறவர்கள் போகட்டும். கணக்கைப் பார்த்துவிட்டுப் போகட்டும். 2021-இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ நிலமற்றவர்களின் குரலை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அதை எழுதிப் பாடிய அறிவு மேடையில் இல்லை. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஊர்க்காரன் முறத்தில் போட்ட நெல்லாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது!

ஊரும் சந்தையும் போக மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. அது நம்ம சனம், நம்ம தோழர்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்தத் தீயை நெஞ்சில் வாங்கி இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’, கே.ஏ. குணசேகரன் குரலில் மேடை மேடையாகப் போனது. பாடகனுக்குப் பேர் வாங்கித் தரவா அது பாடப்பட்டது? கேட்டவன் நிமிரணும் என்பதற்காகப் பாடப்பட்டது. மதுரையில் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டைக் கையிலெடுத்தார். அதைச் சனங்கள் தங்கள் பாடாக மாற்றிப் பாடிக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதால்.

“நாலு பேர் கேட்டு என்னய்யா புரட்சி?” என்பார்கள். கோடிப் பேர் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுவார்கள். நாலு தோழர்கள் கேட்டால், “இந்த வரி பொய், எங்க தெருவுல இப்படி நடக்கல” என்று திருத்துவார்கள். திண்டிவனத்தில் கட்டிய பாட்டுக்கு விழுப்புரத்தில் ரெண்டு வரி கூடும். கேட்டவனே அடுத்த பாட்டைக் கட்டுவான். நம் பாட்டு வளர்வது இப்படித்தான்.

ஸ்டுடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம். பறையைத் தீயில் காய்ச்சுங்கள், செல்போனில் பதிவு பண்ணுங்கள், கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். ஆனால் ஒரு கறார். பாட வரும் தோழருக்குப் பஸ் காசும் சோறும் நாமே பங்கு போட்டுக் கொடுக்கணும். தோழமை என்ற பேரில் ஓசியில் வேலை வாங்கினால் நாமும் ஊர்க்காரன்தான். ஊர்த் திருவிழாவும் கட்சி மேடையும் கம்பெனியும் கூப்பிட்டால் முதலில் ரேட்டு, எழுத்தில் ஒப்பந்தம், அப்புறம்தான் அடி.

யாருக்குச் சும்மா கொடுப்பது என்பதை இனி நாம்தான் முடிவு பண்ணுவோம்.