தண்டப்பத்திரமும் மொழியுரிமையும்

பதுளை மாவட்டத்தின் மலைப்பாதைகளில் போக்குவரத்துச் சட்டம் இறுக்கமாக அமுல்படுத்தப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2021 இல் பசறையிலும் 2025 இல் எல்லவிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் பலியாகின. ஆயினும், குற்றமிழைத்தவர் தண்டிக்கப்படுவது எவ்வளவு அவசியமோ, குற்றமிழைக்காதவர் தண்டிக்கப்படாதிருப்பதும் அவ்வளவு அவசியமாகும்.

பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு தண்டப்பத்திரத்தை வழங்கினால், 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் செலுத்தி விடயத்தை முடித்துக்கொள்ளலாம். செலுத்த மறுப்பவர் நீதிவான் நீதிமன்றத்தில் தமது நியாயத்தைக் கூறலாம். சட்டம் இவ்விரு வழிகளையும் திறந்தே வைத்துள்ளது. ஆனால் தோட்டப்புறத்தில் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இரண்டாவது வழி எட்டாக்கனியாகவே தோன்றுகிறது. நீதிமன்றம் செல்லும் நாளில் உழைப்பில்லை. பயணச் செலவு வேறு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று 2024 இல்தான் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பங்கள், தண்டத்தைச் செலுத்திவிட்டு வாய்மூடி இருப்பதே இலாபம் எனக் கருதுவதில் வியப்பில்லை.

இதனிலும் பெரிய தடை மொழியாகும். தம்மீது சுமத்தப்படும் குற்றம் என்னவென்று வாசித்தறிய முடியாதவர் அதை ஏற்பதா, எதிர்ப்பதா என்று எவ்வாறு தீர்மானிப்பார்? பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, அப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. வழக்கு சிங்களத்தில் நடைபெறினும், அம்மொழி அறியாத தரப்பினர் அரச செலவில் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெற அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை உரிமையளிக்கிறது. இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

தவறிழைத்திருப்பின் தண்டம் செலுத்துவதே நேர்மையும் சிக்கனமுமாகும். தவறிழைக்கவில்லை என்ற உறுதியும் அதை மெய்ப்பிக்கச் சாட்சியோ புகைப்படமோ இருப்பின், நீதிமன்றத்தை நாடத் தயங்க வேண்டியதில்லை. தோற்றால் கூடுதல் தண்டம் நேரலாம் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உத்தியோகத்தரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும், மொழியுரிமை மீறலுக்கு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் உள்ளன.

மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறப் பழக வேண்டும். அதேவேளை, தண்டப்பத்திரத்தின் விபரங்களைத் தமிழிலும் வழங்குவதும், நீதிமன்றங்களுக்குப் போதிய மொழிபெயர்ப்பாளர்களை நியமிப்பதும் அரசின் கடமையாகும். வாசிக்க முடியாத குற்றச்சாட்டுக்குச் செலுத்தப்படும் பணம் சட்டத்தின்மீதான மதிப்பை வளர்க்காது; அச்சத்தையே வளர்க்கும்.