புதியவர் தொட்டால் கணினி பழுதாகிவிடுமா?

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டி நிறுவும் பேக்கேஜ் மேனேஜர்கள் கைதேர்ந்தவர்களுக்கே உரியவை, புதியவர் கைவைத்தால் கணினி பழுதாகிவிடும் என்ற பேச்சு லினக்ஸ் பழகுபவர்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. திருகோணமலை போன்ற ஊரில் அது இன்னும் எளிதாகப் பிடிக்கிறது. பல வீடுகளில் இருப்பது ஒரே மடிக்கணினி. அக்காவின் ஒப்படையும் தம்பியின் வகுப்பும் அதில்தான். அதைப் பணயம் வைக்க யாருக்கு மனம் வரும்?

பயம் நியாயமானது. ஆனால் அது தவறான பொருள்மீது விழுந்திருக்கிறது.

2003இல் தொடங்கிய நிக்ஸும், அதன் வழியில் 2012இல் அறிவிக்கப்பட்ட கனூ கீக்ஸும் இத்தகைய பேக்கேஜ் மேனேஜர்கள்; அவை இந்தப் பயத்துக்கு இடமே வைக்கவில்லை. கீக்ஸ் நிறுவும் ஒவ்வொரு பதிப்பும் தனிக் களஞ்சியத்தில் தனி அடைவாக அமரும். இயங்குதளத்தின் கோப்புகளோடு கலக்காது. மூலநிரல் இறங்கியபின் கட்டும் வேலை, அதிகாரம் குறைந்த கணக்கில், இணையத் தொடர்பில்லாத தனிச் சூழலில் நடக்கும். பிடிக்காவிட்டால் ஒரே கட்டளையில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

2022 மார்ச் முடிவில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. அப்படியொரு வேளையில் உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஏப்ட் பாதி நிறுவலில் நின்றுபோனால், மறுபடி கணினியை இயக்கி அதைச் சீர்செய்ய வேண்டிவரலாம். கீக்ஸில் நிறுவல் நடுவே மின்சாரம் போனாலும் பயனரின் பழைய தொகுப்பு அப்படியே இருக்கும். அப்படியானால் எதை ஆபத்தென்று சொல்லிப் பிள்ளைகளைத் தடுக்கிறோம்?

கீக்ஸை முதன்முறை நிறுவ வழக்கமாக ரூட் எனப்படும் நிர்வாகி அதிகாரம் வேண்டும். அதுவும் வேண்டாமென்பவருக்கு நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் பேக்கேஜ் மேனேஜரான பிகேஜிஎஸ்ஆர்சி இருக்கிறது. சாதாரணப் பயனராகவே அதைத் தன் வீட்டு அடைவுக்குள் அமைக்கலாம்; போதுமென்றால் அந்த அடைவை அழித்துவிடலாம்.

உண்மையான ஆபத்து, எங்கோ கண்ட கட்டளையைப் புரியாமல் ரூட்டாக ஓட்டுவதில் இருக்கிறது. உண்மையான செலவு, பிரவுசர் போன்ற பெரிய மென்பொருளை முதல் நாளே கம்பைல் செய்யப் புகுவதில் இருக்கிறது. மணிக்கணக்கில் நேரமும் நிறைய டேட்டாவும் போகும். தமிழ் எழுத்துரு ஒன்றின் பொதியை (பேக்கேஜை) எழுதுவதற்கு இவை வேண்டாம். பெயர், பதிப்பு, இறக்க வேண்டிய முகவரி, சரிபார்ப்பு எண், உரிமம் என்று சில வரிகள்; பெரும்பாலும் கம்பைல் செய்யவே தேவையில்லை.

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பது பிறர் வேலை என்பதும் பொய். கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கிய 2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற மென்பொருள், 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதைப் பெற்றது.

ஆகவே, திருகோணமலை இளைஞர்களே, இந்த வார இறுதியில் ஓர் எழுத்துருப் பொதியைக் கட்டிப் பாருங்கள். கட்டும்போது எந்தக் கட்டளையாவது ரூட் கடவுச்சொல்லைக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, ஏன் கேட்கிறது என்று விசாரியுங்கள்.